வேற்று நாட்டு வீரரும் நம் மண்ணின் கற்பனையும்

வரலாறு என்றவுடன் அரசரும் போரும் ஆண்டுகளுமே உங்கள் நினைவுக்கு வரும். இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ, மண்ணில் ஒருநாளும் வாழ்ந்திராத சிலருடைய வரலாறு. அவர்கள் பிறந்தது எழுத்தாளரின் மேசையில்; நடமாடியது மலிவான தாளில். ஆயினும், உண்மையில் வாழ்ந்த பலரைக் காட்டிலும் நெடுந்தொலைவு பயணம் செய்தவர்கள் அவர்கள். நாடு மாறினார்கள், பெயர் மாறினார்கள், உடையும் குணமுங்கூட மாறினார்கள். சித்திரக்கதை வீரர்களைத்தான் கூறுகின்றேன்.

"தலைமையாசிரியராக இருந்த இவர் பேசத்தக்க பொருளா இது?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். அந்த எண்ணத்தால் நான் செய்த பிழை ஒன்றுண்டு. அதனை இறுதியில் சொல்லுகின்றேன். முதலில் வரலாற்றைக் காண்போம்.

பழைய வீரனைப் புதிய உலகில் வைத்துப் பார்ப்பது புதிய பழக்கம் அன்று. வான்மீகியின் இராமனைக் கம்பர் தமிழ்நாட்டு இராமனாகவே படைத்தார். புலவர் குழந்தையோ 1946ஆம் ஆண்டில் இராவண காவியத்தை இயற்றி, பகைவனாகக் காட்டப்பட்டவனையே தலைவனாக்கினார். கதை மாந்தர் அவரே. ஆனால் அவரைப் பார்க்கும் கண் வேறு, நிற்கும் நிலம் வேறு. இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், பின்னே வருபவை எளிதில் விளங்கும்.

அச்சுப்பொறியும் மலிவுத் தாளும் வந்தபின், இம்மாற்றம் விரைவு பெற்றது. அமெரிக்காவில் மரக்கூழால் செய்த முரட்டுத் தாளில் கதை இதழ்கள் பெருகின. தாளின் பெயரே கதைக்கும் பெயராகி, 'பல்ப்' கதைகள் என அவை வழங்கலாயின. 'ஷேடோ' என்ற மறைமுக வீரன் 1931ஆம் ஆண்டிலும், 'டாக் சாவேஜ்' என்ற அறிவியல் வீரன் 1933ஆம் ஆண்டிலும் தத்தம் பெயரிலேயே இதழ்களைப் பெற்றனர். இவர்களுடைய வழித்தோன்றல்களே, 1936இல் லீ ஃபாக் படைத்த 'ஃபேண்டம்' என்னும் முகமூடி வீரனும், 1938இல் தோன்றிய சூப்பர்மேனும் ஆவர்.

தமிழிலும் அக்காலத்தே இதற்கு ஒப்பான முயற்சி இருந்தது. லண்டன் மாநகரின் பேக்கர் தெருவில் குடியிருந்த ஷெர்லாக் ஹோம்ஸ், ஆரணி குப்புசாமி முதலியாரின் கையில் ஆனந்தசிங் என்ற துப்பறிவாளராக மாறினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரோ, துப்பறிவாளர்க்கு மேனாட்டு உடையே வேண்டுவதில்லை என்று காட்டுவார்போல், திகம்பர சாமியார் என்னும் பாத்திரத்தைப் படைத்தார். பள்ளிக்கூடங்களில் இடம்பெறாத நூல்கள் இவை. ஆனால் திண்ணைகளிலும் இரயில் வண்டிகளிலும் தமிழ் படிக்கும் பழக்கத்தை வளர்த்ததில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு.

சொல்லால் அமைந்த கதைகளின் நிலை இது. இனிப் படத்தால் அமைந்த கதைகளுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டில் தினத்தந்தி நாளிதழில் 'கன்னித்தீவு' தொடங்கிற்று. அதன் தலைவன் சிந்துபாத். அராபிய இரவுக் கதைகளில் வரும் சிந்துபாத் பாக்தாத் நகரத்து வணிகன்; பொருள் தேடி ஏழு முறை கடலோடித் திரும்பியவன். தமிழ்ச் சிந்துபாத்தோ வணிகன் அல்லன். மந்திரவாதி மூசாவின் சூழ்ச்சியால் உருவம் சுருங்கிய இளவரசி லைலாவை உடன்கொண்டு, அவளுக்குப் பழைய உருவத்தை மீட்டுத்தர அலைகின்றவன். 1958ஆம் ஆண்டில் வெளிவந்த ஹாலிவுட் படம் ஒன்றிலும் சிந்துபாத் உண்டு. சுருக்கப்பட்ட இளவரசியும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உங்களுக்கு நல்ல பயிற்சியாகும்.

ஏழு பயணங்களில் முடிந்த கதை இங்கே முடிவே இல்லாமல் நீண்டது. நாளுக்குச் சில கட்டங்கள் என்ற அளவில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது நடந்தது. முடியாத வேலையைக் 'கன்னித்தீவு' என்று சொல்லும் வழக்கே தமிழில் ஏற்பட்டுவிட்டது. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத நால்வர் படத்தைப் பார்த்துக் கேட்டதை நானே சிறுவயதில் கண்டிருக்கின்றேன். பாக்தாத் வணிகனுக்கு இப்படி ஒரு மறுபிறவி கிடைக்குமென்று பழைய கதைசொல்லிகள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள்.

இனி என் ஊருக்கும் இப்பொருளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லுகின்றேன். நான் வாழும் காடாம்புலியூர், பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலிப் பக்கம் செல்லும் வழியில் உள்ளது. செம்மண் நிலம், பலாவும் முந்திரியும் செழித்த ஊர். எங்கள் முன்னோர் மேல்மண்ணை மட்டுமே அறிவர். அம்மண்ணின் ஆழத்தில் பழுப்பு நிலக்கரி கிடந்தது. 1956ஆம் ஆண்டில் நெய்வேலி நிறுவனம் தொடங்கப்பட்டது. சோவியத்து நாட்டின் உதவியோடு அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962ஆம் ஆண்டில் மின்சாரம் தந்தது. அந்நிலையம் தன் பணியை முடித்து 2020இல் ஓய்வு பெற்றது.

1962ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டின் ஆகஸ்டுத் திங்களில், ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகியோர் படைத்த ஸ்பைடர்மேன் அமெரிக்காவில் தோன்றினான். அதே ஆண்டின் அக்டோபரில், இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் சிறுவர் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. லூயிஸ் கிராண்டேல் என்பவனுடைய கதை அதில் இடம்பெற்றது. கென் பல்மர் எழுத, ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெஸூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். பின்னர் டாம் டல்லி கதையைத் தொடர்ந்தார்.

கிராண்டேல் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்தவன். இழந்த கைக்கு மாற்றாக எஃகுக் கை பொருத்தப்பட்டது. பின்னர் ஏற்பட்ட மற்றொரு விபத்தில் மின்சாரம் அவன் உடலில் பாய்ந்தது. உடல் மறைந்தது, எஃகுக் கை மட்டும் வெளியே தெரிந்தது. தொடக்கத்தில் அவன் நல்லவன் அல்லன். கிடைத்த ஆற்றலைக் குற்றத்திற்கே பயன்படுத்தினான். பிறகே மனந்திருந்தி, தீமையை எதிர்க்கும் உளவுப் பணியில் சேர்ந்தான்.

இக்கதை தமிழுக்கு வந்தது 1972ஆம் ஆண்டில். சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் வெளியீடே 'இரும்புக்கை மாயாவி'. ஆங்கிலத்தில் எஃகாலான கொடுங்கை என்று பொருள்படும் பெயர். அதனைத் தமிழாக்கியவர் மாயாவி என்ற சொல்லைச் சேர்த்தார். அச்சேர்க்கை எத்துணை நுட்பமானது என்று பாருங்கள். மாயாவி என்பது, வாலியோடு பொருது குகையுள் ஓடி ஒளிந்த அசுரனின் பெயர். மாயம் செய்து மறைபவன் என்பது அதன் பொருள். ஆய்வுக்கூடத்தில் மின்சாரத்தால் மறைந்தவன், அப்பெயரால் நம் புராணக் கதைகளின் சுற்றத்தில் ஒருவனாகிவிட்டான். படத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பெயர் ஒன்றே அவனை நம்மவனாக்கியது.

அப்பொழுது நான் பதின்வயதுச் சிறுவன். சாணித்தாளில் அச்சிட்ட அப்புத்தகம் ஊருக்கு ஒன்று வந்தால், அது இருபது கை மாறும். என் கைக்கு வரும்போது அட்டை இராது. எங்களுக்கு மாயாவி அயல்நாட்டான் என்ற எண்ணமே எழவில்லை. அவனுக்கு ஆற்றல் தந்தது மின்சாரம். அம்மின்சாரமோ எங்கள் மண்ணின் அடியிலிருந்து பிறப்பது! இரவில் நெய்வேலித் திசையில் வானம் வெளுத்திருக்கும். "மாயாவிக்கு அங்கிருந்துதான் கரண்டு போகிறது" என்று என் தோழன் ஒருவன் கூறுவான். மின்சாரம் மனிதனை மறைப்பதில்லை, கொல்லும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் வகுப்பில் விளக்கியதும் அக்கதையை முன்னிட்டே. மின்னோட்டம், மின்கடத்தி, காப்புப் பொருள் ஆகிய சொற்களை நாங்கள் பாடநூலுக்கு முன்பே அறிந்தது மாயாவியால்தான்.

மாயாவிக்குத் துணையாக மற்றவரும் வந்தனர். 1984ஆம் ஆண்டில் சிவகாசியிலேயே தொடங்கிய லயன் காமிக்ஸில் 'ஸ்பைடர்' என்னும் வீரனின் கதைகள் வந்தன. இவன் அமெரிக்க ஸ்பைடர்மேன் அல்லன். 1965ஆம் ஆண்டில் 'லயன்' என்ற ஆங்கில வார இதழில் டெட் கோவன் என்பவர் உருவாக்கிய பாத்திரம். முதலில் குற்றவாளிகளின் அரசனாக விளங்க விரும்பி, பின்னர்க் குற்றவாளிகளையே எதிர்த்தவன். அக்கதைகளைப் பிறகு தொடர்ந்து எழுதியவர் யார் தெரியுமா? ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர்!

சூப்பர்மேன் உலகப் புகழ் பெற்றிருக்க, அவனைப் படைத்தவர் இங்கிலாந்தின் சிறுவர் இதழுக்கு எழுத வந்தது எதனால்? இவ்வரலாற்றின் துயரமான பகுதி இதுவாகும். 1938ஆம் ஆண்டில், சீகலும் அவருடைய ஓவியத் தோழர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அப்பாத்திரம் கோடி கோடியாகப் பொருள் ஈட்டியது. படைத்தவர்களோ முதுமையில் வறுமையுற்றனர். நெடுங்காலம் வழக்காடியும் பயன் விளையவில்லை. ஈற்றில், பொதுமக்களின் பரிவுக்குப் பிறகு, 1975ஆம் ஆண்டில்தான் அவர்களுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. சூப்பர்மேன் கதைகளில் அவர்கள் பெயரும் மீண்டும் அச்சிடப்பட்டது. அவர்கள் கேட்டவற்றுள் பணம் ஒன்று, பெயர் மற்றொன்று. பெயரின் அருமை எத்தகையது என்பதை இதனால் உணரலாம்.

அக்கால ஆங்கிலச் சிறுவர் இதழ்கள் எழுத்தாளர் பெயரையும் ஓவியர் பெயரையும் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. மாயாவியை ஆயிரம் முறை படித்த எனக்குப் பிளாஸ்கோவின் பெயர் முதுமையில்தான் தெரியவந்தது. ஓர் ஓவியரின் கைத்திறனில் வளர்ந்தும், அவருக்கு மனத்தாலும் நன்றி கூறாமல் ஐம்பது ஆண்டு கழித்தேனே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இதுவரை கூறியவை, வீரர்கள் நாடுவிட்டு நாடு வந்த செய்தி. பழைய வீரர்களை முற்றிலும் வேறோர் உலகில் நிறுத்திப் பார்க்கும் கதைகளும் உண்டு. 'இப்படி நடந்திருந்தால்?' என்ற வினாவிலிருந்து பிறக்கும் மாற்று உலகக் கதைகள் அவை. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'ஆல்பியன்' என்ற பெயரில் ஆறு பகுதிகளாக ஒரு சித்திரக்கதை தொடங்கப்பட்டது. கதைத்திட்டம் ஆலன் மூர் அவர்களுடையது. அதனை எழுதியவர்கள் அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும். ஓவியத்தைத் தீட்டியவர் ஷேன் ஓக்லி. பழைய ஆங்கில இதழ்களின் வீரர்கள் கற்பனை அல்லர், உண்மையாகவே வாழ்ந்தவர்கள், அவர்களைக் கண்டு அஞ்சிய அரசு, மறைவான கோட்டை ஒன்றில் சிறைவைத்துவிட்டது என்பது அதன் கரு. அவ்வீரர்களுள் நம் இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும் உளர்.

இக்கருவின் பொருள் யாது? சிறுவராக இருந்தபோது நாம் நேசித்தவற்றை, பெரியவரானபின் பூட்டி வைத்துவிட்டு மறந்துவிடுகின்றோம். அதனையே அக்கதை சிறையாகக் காட்டுகிறது என்று நான் கருதுகின்றேன். பழைய வீரனுக்குப் புதிய ஆடை தைப்பது மட்டும் அவர்கள் நோக்கம் அன்று. அவனைக் கொண்டு தம் காலத்தைப் பற்றி ஒரு வினாவை எழுப்பினார்கள். மறுபடைப்புக்கு அதுவே உயிர்.

நம் நாட்டில் இம்முயற்சி எவ்வாறு நடந்தது? 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், ஃபேண்டம் வாழும் நாட்டின் பெயரைப் 'பெங்கல்லா' என்பதிலிருந்து 'டெங்காலி' என்று மாற்றியது. நம் வங்காளத்தோடு வாசகர் மயங்காதிருக்கச் செய்த சிறு மாற்றம் அது. பெரிய மாற்றம் 2004ஆம் ஆண்டில் வந்தது. சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் காங் ஆகிய மூவரும் இந்திய ஸ்பைடர்மேனை உருவாக்கினர். பீட்டர் பார்க்கர், பவித்ர் பிரபாகர் ஆனான். நியூயார்க் மும்பையாயிற்று. மேரி ஜேன், மீரா ஜெயின் என்ற பெண்ணானாள். கல்வி உதவித்தொகை பெற்றுச் சிற்றூரிலிருந்து நகரத்துப் பள்ளிக்கு வந்த பவித்ர், உடன் பயில்வோரின் ஏளனத்துக்கு ஆளாகின்றான்.

இவ்விடத்தில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகின்றேன். சிற்றூர் மாணவன் நகரத்துப் பள்ளியில் படும் சிறுமை உண்மையானது. என் மாணவர் பலர் அதனைப் பட்டிருக்கின்றனர். கதையில் அப்பகுதி நம் மண்ணை அறிந்து எழுதப்பட்டது. ஆனால் மற்றொரு மாற்றத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சிறுவனுக்கு ஆற்றல் கிடைத்தது அறிவியலின் வழியே: கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்தது. இந்தியச் சிறுவனுக்கோ அதனை ஒரு யோகி அருளுகின்றார்! பகைவனும் அறிவியலால் அன்றி, இராட்சத மாயத்தால் உருமாறுகின்றான். இந்தியா என்றால் யோகியும் மந்திரமுந்தானா? எங்கள் ஊர்ப்பக்கத்தில் சுரங்கம் தோண்டி, நிலக்கரி எடுத்து, மின்சாரம் ஆக்கியவர்கள் நம் மக்கள் அல்லரோ? காடாம்புலியூர்ச் சிறுவர்க்கு, ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஆங்கிலேய மாயாவியே, யோகியின் அருள்பெற்ற இந்திய வீரனைவிட நெருங்கிய உறவினன். வெளியார் நம்மைப் பற்றி வைத்திருக்கும் படத்தை நாமே வாங்கி அணிந்துகொள்ளலாகாது.

ஆயினும் அம்முயற்சி வீண்போகவில்லை. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்பைடர்மேன் அசைவூட்டத் திரைப்படத்தில், மும்பையும் மன்ஹாட்டனும் கலந்த 'மும்பாட்டன்' என்ற மாற்று உலக நகரில் அதே பவித்ர் வாழ்கின்றான். அப்படம் தமிழிலும் வந்தது. நான்கு இதழ்களோடு முடிந்த ஒரு தொடரின் பாத்திரம், பத்தொன்பது ஆண்டுகட்குப் பின் உலகத்தார் முன்னே வந்து நின்றது.

இவற்றால் நாம் அறிவன மூன்று. பழைய வீரனைப் புதிதாகப் படைக்க விரும்புவோர் முதலில் மூலத்தை நன்கு கற்றல் வேண்டும். அடுத்து, தம் மண்ணைத் தம் கண்ணாலேயே பார்த்தல் வேண்டும். மூன்றாவதாக, யாரிடமிருந்து பெற்றோம் என்பதை மறையாமல் சொல்லுதல் வேண்டும். மூலத்தைக் கல்லாதவன் படைப்பு வெறும் வேடம். மண்ணை அறியாதவன் படைப்பு உயிரற்ற பொம்மை. கடனை மறைப்பவன் செயலோ களவு.

இனி, நான் முன்பு குறிப்பிட்ட பிழையைச் சொல்லி முடிக்கின்றேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கு நோட்டுக்குள் மாயாவி புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். சிறுவயதில் அதே புத்தகத்துக்காக ஏங்கிய நான், அதனைப் பிடுங்கி, வகுப்பார் முன்னிலையில் அவனைக் கடிந்து, அலமாரியில் போட்டுப் பூட்டினேன். அவன் இருமுறை வந்து கேட்டான். "தேர்வு முடியட்டும்" என்றேன். பின்னர் மறந்தேன். அவனும் அடுத்த ஆண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டான்.

ஓய்வு பெற்ற நாளில் அலமாரியை ஒழித்தபோது அப்புத்தகம் கிடைத்தது. பிரித்துப் பார்த்தேன். பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு படம். பெரிய இரும்புக்கை ஒன்று, உடல் இல்லை. அக்கையில் ஓர் ஓட்டு வீடும், அதன் பக்கத்தில் காய்த்துத் தொங்கும் பலாமரமும், வேரோடும் மண்ணோடும் பத்திரமாக இருந்தன. கீழே, 'மாயாவி எங்கள் வீட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்' என்று எழுதியிருந்தான். அவன் குடும்பம் அவ்வாண்டில்தான் பழைய ஊரை விட்டு வேறிடத்தில் குடியேறியிருந்தது. அது எனக்குத் தெரிந்த செய்தியே. ஆனால் அவனிடம் அதுபற்றி ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை.

மாணவச் செல்வங்களே! நான் இதுவரை கூறிய மூன்றனுள் முதல் இரண்டையும் அச்சிறுவன் ஒருவரும் கற்பிக்காமலே செய்துவிட்டான். மூலத்தை எழுத்தெழுத்தாகப் படித்திருந்தான். தன் மண்ணையும் தன் இழப்பையும் அறிந்திருந்தான். லண்டனில் பிறந்து, சிவகாசியில் பெயர் பெற்ற வீரனைக் கொண்டு, தன் பலாமரத்தைக் காப்பாற்றிக்கொண்டான். அதனைப் பத்தாண்டுக்கும் மேலாகப் பூட்டி வைத்தவன் நான்.

அப்புத்தகம் இன்றும் என்னிடம் இருக்கிறது. உரியவனைத் தேடிக்கொண்டிருக்கின்றேன். அதுவரை உங்களிடம் நான் வேண்டுவது இதுவே: கதை படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வீரன் உங்கள் தெருவுக்கு வந்தால் முதலில் யாருக்கு உதவுவான் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியதை எழுதுங்கள்; வரையுங்கள். உங்கள் ஆசிரியர் அதைக் கண்டு கடிந்தால், இப்பேச்சை அவருக்கு நினைவூட்டுங்கள்.